எஞ்சின் ஆயிலில் மினுமினுப்பு: பழைய பைக் வாங்கியவர்கள் துகளை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

செகண்ட் ஹேண்டில் பைக் வாங்கி முதல் தடவை ஆயிலை இறக்கும்போது, கறுப்பு ஆயிலுக்குள் வெள்ளிப்பொடி தூவியதுபோல ஏதோ மின்னினால் வயிறு கலங்கத்தான் செய்யும். எனக்கு அது நடந்தது. 8 வருடம் ஓடிய 150 சிசி பைக், மீட்டரில் 41,000 கி.மீ. ஆயிலைப் பார்த்த மெக்கானிக், “கிராங்க் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும், 14,000 ஆகும்” என்றார். ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்து, கீழே எழுதியிருக்கும் சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்தேன். பழுது கிளட்சில் இருந்தது. பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்கில் கைவைக்கவே தேவைப்படவில்லை.

அதற்கு முன் ஒருமுறை இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. தம்பியின் பைக்கில் செதில் செதிலாக எஃகு வந்ததைப் பார்த்தும், “புது ஆயில் ஊத்தி ஓட்டு, சரியாயிடும்” என்று நானே சொன்னேன். இரண்டே வாரத்தில் கோவில்பட்டி தாண்டி நாற்கரச் சாலையில் எஞ்சின் இறுகிப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. அவன் சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தான்.

ஆயிலில் துகள் இருக்கிறது என்ற ஒரு செய்தியை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அது என்ன உலோகம், என்ன வடிவம், அடுத்த முறை கூடுகிறதா குறைகிறதா என்ற மூன்றும் தெரிந்தால்தான் பேசவே முடியும்.

முதலில் துகளைச் சரியாகப் பிடியுங்கள்

எஞ்சினை 5 முதல் 10 நிமிடம் ஓடவிட்டு, ஆயில் சூடாக இருக்கும்போதே இறக்குங்கள். ஆறிய ஆயிலில் கனமான துகள்கள் அடியிலேயே தங்கிவிடும். ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வெளியில் இருந்த மணலை எடுத்து வைத்துக்கொண்டு உலோகம் என்று குழம்புவீர்கள். வெளிர் நிற பிளாஸ்டிக் பேசினைப் புதிதாகக் கழுவிக் காயவைத்து வையுங்கள். சிமெண்டு அள்ளிய பேசின் வேண்டாம்.

இறக்கிய ஆயிலைப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பனியன் துணி நூல் விடும். வடிந்த பிறகு துணியின் மேல் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி ஆயிலை அலசி, வெயிலில் விரித்துப் பாருங்கள். பக்கத்தில் பீடியோ சிகரெட்டோ இருக்கக் கூடாது. டியூப் லைட்டில் தெரியாதது வெயிலில் தெரியும்.

பல்சர் போன்ற பைக்குகளில் பேப்பர் ஃபில்டர் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேப்பர் கத்தியால் மடிப்புகளை அறுத்து விரியுங்கள். ஆக்சா பிளேடால் அறுத்தால் பிளேடின் பொடியே புதுத் துகளாக விழும். மடிப்புகளைத் துணிக்கு நடுவே வைத்து அழுத்தி ஆயிலைப் பிழிந்தால், உள்ளே சிக்கியதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்பிளெண்டர் வகை எஞ்சினில் பேப்பர் ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி ஜாலியும், கிராங்க்கின் வலது முனையில் சுழலும் ஒரு கிண்ணமும்தான். சுழற்சி வேகத்தில் கனமான அழுக்கெல்லாம் அந்தக் கிண்ணத்தின் சுவரில் போய் அப்பிக்கொள்ளும். கிளட்ச் கவரைக் கழற்றினால்தான் அதைப் பார்க்க முடியும் என்பதால் பல வண்டிகளில் வருடக்கணக்காகத் திறந்தே இருக்க மாட்டார்கள். பழைய பைக் வாங்குகிறவருக்கு அது புதையல். சுவரை ஒட்டிய அடுக்கு பழையது, உட்பக்கம் இருப்பது புதியது. சிறு ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். மினுமினுப்பு சுவரோரம் மட்டும் இருந்து உட்பக்கம் வெறும் கறுப்புச் சேறாக இருந்தால், தேய்மானம் முன்பு நடந்து நின்றிருக்கலாம். உட்பக்கமே மின்னினால் அது இப்போது நடந்துகொண்டிருக்கிறது. முந்தைய ஓனர் சொல்லாததையும் இந்தக் கிண்ணம் சொல்லும்.

அந்த ஆயில் எங்கெல்லாம் போய் வருகிறது?

நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான 4 ஸ்ட்ரோக் பைக்குகளில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கார் மெக்கானிக் ஒருவரிடம் இந்த ஆயிலைக் காட்டினால் அவர் பயந்துவிடக் காரணம் இதுதான். காரில் கியர் பல் தேய்ந்த பொடி எஞ்சின் ஆயிலுக்கு வராது, பைக்கில் வரும்.

விதிவிலக்குகள் உண்டு. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் எஞ்சின், கிளட்ச் கேஸ், கியர்பாக்ஸ் என மூன்று இடத்திலும் தனித்தனி ஆயில். ஆர்எக்ஸ் 100 போன்ற 2 ஸ்ட்ரோக்கில் கீழே ஊற்றுவது கியருக்கும் கிளட்சுக்கும் மட்டும், பிஸ்டனுக்கான 2டி ஆயில் பெட்ரோலோடு எரிந்துபோகிறது. அதனால் ஆர்எக்ஸின் கியர் ஆயிலில் அலுமினியம் கண்டால் பிஸ்டனைத் தேடிப் போகாதீர்கள். ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் எஞ்சின் ஆயில் எஞ்சினுக்கு மட்டுமே. கிளட்ச் உலர்ந்த வகை, பின் சக்கர கியருக்கு வேறு ஆயில். ஸ்கூட்டரின் எஞ்சின் ஆயிலில் கண்ணுக்குத் தெரியும் துகள் இருந்தால், கிளட்ச் மேல் பழிபோட வழியே இல்லை.

காந்தம், நகம், காஸ்டிக் சோடா

பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் சுற்றித் துணியின் மேல் நகர்த்துங்கள். ஒட்டினால் இரும்பு அல்லது எஃகு. கியர், பேரிங், வால்வைத் திறக்கும் கேம், ராக்கர், கேமைச் சுழற்றும் டைமிங் செயின், ரிங், லைனர், கிளட்சின் எஃகுத் தட்டு எல்லாம் இந்த வகை. கவரை உள்வெளியாகப் புரட்டிக் கழற்றினால் துகள் கவருக்குள்ளேயே நின்றுவிடும், காந்தம் சுத்தமாக இருக்கும்.

ஒட்டாததை நகத்தால் நசுக்குங்கள். பொடிந்து கறுப்பானால் கரித் துண்டு. ரப்பர் மாதிரி நெகிழ்ந்தால் பேக்கிங் பசை. இரண்டும் போக மீதியிருப்பது அலுமினியமா பித்தளை வகையா என்று நிறமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

சந்தேகம் இருந்தால் காஸ்டிக் சோடா. துகளைப் பெட்ரோலில் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். பெட்ரோலைத் தூர வைத்துவிட்டு, திறந்த வெளியில் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதியளவு தண்ணீர் வைத்து அதில் ஒரு ஸ்பூன் சோடாவைப் போடுங்கள். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கரைசல் சூடாகும், தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யவே செய்யாதீர்கள். அலுமினியம் என்றால் நுரை நுரையாகக் குமிழி விட்டுக் கரையும். அந்தக் குமிழி ஹைட்ரஜன், தீப்பற்றும். எஃகும் பித்தளையும் சும்மா கிடக்கும்.

அறிகுறி: டிரெயின் போல்ட் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு

விரலில் தேய்த்தால் பேஸ்ட் மாதிரி வழுக்குகிறது, நறநறவென்று எதுவும் தட்டுப்படவில்லை என்றால் நிம்மதியாக இருங்கள். கியர் மாறும்போதெல்லாம் எஃகோடு எஃகு உரசுகிறது, அதன் பொடி இது. புது பைக்கின் முதல் சர்வீஸிலும், போர் போட்டு (சிலிண்டரைக் குடைந்து)ப் புது பிஸ்டன் ஏற்றிய எஞ்சினின் முதல் சில நூறு கி.மீ. ஓட்டத்திலும் இது நிறையவே வரும், கொஞ்சம் மினுக்கும் சேர்ந்து வரும். விற்றவர் “இப்பதான் எஞ்சின் வேலை பார்த்தோம்” என்றால் பில்லைக் கேட்டுப் பாருங்கள். அது உண்மையானால் மினுக்குக்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிடும்.

அறிகுறி: சுருள் சுருளாக அலுமினியம்

சிறு ஸ்பிரிங் போல, நூல் போல ஒன்றிரண்டு வந்தால் டிரெயின் போல்ட்டின் மரையைப் பாருங்கள். அலுமினிய கேஸில் எஃகு போல்ட்டை யாரோ வெறிகொண்டு முறுக்கியிருப்பார்கள், மரை உரிந்து வருகிறது. பழைய பைக்கில் மிகச் சாதாரணமாகக் காணும் துகள் இது. எஞ்சினுக்கு இதில் நோயில்லை. ஆனால் போல்ட் ஒருநாள் கழன்று விழுந்து ஆயில் மொத்தமும் ரோட்டில் கொட்டினால் எஞ்சின் போய்விடும். லேத்தில் கொடுத்துப் புது மரை போட்டுக்கொள்ளுங்கள், வாஷரையும் மாற்றுங்கள்.

அறிகுறி: வெள்ளி பெயிண்ட் கலந்ததுபோல ஆயில் முழுக்க மினுக்கு, காந்தத்தில் ஒட்டவில்லை

நிறைய பேரைப் பயமுறுத்துவதும், நிறைய பேரைத் தேவையில்லாமல் எஞ்சின் இறக்கவைப்பதும் இதுதான். அலுமினியம் வரக்கூடிய இடங்கள் முக்கியமாக மூன்று. செலவு குறைந்த இடத்திலிருந்து சோதித்துக்கொண்டு போங்கள்.

கிளட்ச் முதலில். நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். கிளட்ச் லிவரைப் பிடித்ததும் சத்தம் அடங்கினால் கிளட்சோ கியர்பாக்ஸ் பக்கமோதான். பிடித்தாலும் விட்டாலும் மாறவில்லை என்றால் எஞ்சின் பக்கம். இரண்டு நொடியில் முடிகிற இந்தச் சோதனை, என் 14,000 ரூபாயைக் காப்பாற்றியது. கிளட்ச் தட்டுகளைச் சுற்றியிருக்கும் கிண்ணமான கிளட்ச் பெல்லின் விரல்கள் அலுமினியம், அவற்றுக்கு நடுவே தட்டுகளின் காதுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் தட்டுகள் சிக்குவதால் நின்ற இடத்தில் நியூட்ரல் விழாது, கிளட்ச் விடும்போது வண்டி குலுங்கும். புகையோ இடியோ இருக்காது. வலப்பக்க கவரைத் திறந்தால் போதும், எஞ்சினைப் பிளக்க வேண்டாம். லேசான பள்ளத்தை அரத்தால் சமப்படுத்தலாம். என்னுடையது நகம் முழுக்க உள்ளே போகும் அளவுக்கு ஆழமாக இருந்ததால் பெல்லையே மாற்றினேன்.

அடுத்து, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட். பல பைக்குகளில் கேம் ஷாஃப்ட் நேராக அலுமினிய ஹெட்டிலேயே சுழல்கிறது, ஆயில் படலம் மட்டுமே நடுவில். ஆயில் குறைவாக ஓட்டியவர்களின் வண்டியில் முதலில் அடிவாங்குவது இந்த இடம்தான். டப்பெட் கவரைக் கழற்றி, எஞ்சினை ஐடிலில் வைத்து, ராக்கர் பக்கம் ஆயில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த நிமிடமே அணைத்துவிட்டு ஜாலி, பம்பு, ஆயில் வழி மூன்றையும் தேடுங்கள். எத்தனையோ தடவை குற்றவாளி, அளவுக்கு மீறிப் பூசிய பேக்கிங் பசையின் பிசிறுதான். அது உள்ளே விழுந்து ஜாலியை அடைத்திருக்கும்.

கடைசியாகப் பிஸ்டன். காலையில் குளிர்ந்த எஞ்சினில் ‘டக் டக்’ என்று தட்டி, சூடானதும் குறைகிறதா? நீலப் புகை வருகிறதா? 1,000 கி.மீ. ஓடுவதற்குள் ஆயில் அளவு குறைகிறதா? இவை மினுக்கோடு சேர்ந்தால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். மினுக்கு மட்டும் இருந்து இவை எதுவும் இல்லையென்றால் போர் போட அவசரப்பட வேண்டாம்.

அறிகுறி: செதில் செதிலாக எஃகு

இங்கே மட்டும் என் பேச்சை அப்படியே கேளுங்கள்: வண்டியை நிறுத்துங்கள். மீன் செதில்போலத் தட்டையாக, ஒருபுறம் பளபளப்பாக, காந்தத்தில் துள்ளி ஒட்டும் துகள் என்றால், கடினப்படுத்திய எஃகின் மேல்தோல் உரிகிறது என்று பொருள். பேரிங் உருளையோ, அது ஓடும் பாதையோ, கேமின் மேடோ, ராக்கரோ. ஒருமுறை உரியத் தொடங்கிய தோல் நிற்காது. உரிந்த செதிலே அடுத்த செதிலை உரிக்கும்.

எங்கே என்று தேட, முதலில் எளிதானதைத் திறங்கள். டப்பெட் கவர் வழியாகக் கேமையும் ராக்கரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருந்தால் விடை கிடைத்துவிட்டது, செலவும் ஹெட்டோடு முடியும். கேம் சுத்தமாக இருந்தால் கீழே போக வேண்டும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கேஸில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். ஆர்பிஎம் ஏற ஏற ‘ஊ’ என்று ஊளையிடும் சத்தம் கிராங்க் பேரிங்கைக் காட்டும். டாப் கியரில் மெதுவாகப் போய்த் திராட்டிலைத் திருகும்போது அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று இடித்தால், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனை.

அதை உறுதிப்படுத்த எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் பாதி தூரத்தில் நிற்கும்படி வையுங்கள். கிராங்க்கின் முனையிலுள்ள மேக்னெட் நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் துளி அசையுங்கள். பிஸ்டன் நகர்வதற்கு முன் வெற்றாக ஒரு ஆட்டம் கையில் தட்டுப்பட்டால் சந்தேகம் வலுக்கிறது. சிலிண்டரைக் கழற்றிய பின் ராடை நேர் மேலும் கீழும் இழுத்துப் பார்த்தால் முடிவே தெரிந்துவிடும். பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பு. மேல்கீழாக ஆட்டமே இருக்கக் கூடாது.

எங்கள் தம்பியின் எஞ்சினில் இந்த ஆட்டம் கண்ணுக்கே தெரிந்தது. செதிலைப் பார்த்த அன்றே பார்த்திருந்தால் ராடும் பேரிங்கும் மட்டும் மாற்றியிருப்போம். நான் சொன்ன ஒரு வார்த்தையால் கேஸும் சேர்ந்து போனது.

அறிகுறி: கட்டியான எஃகுத் துண்டு

அரிசி அளவிலோ பெரிதாகவோ, ஒருபக்கம் உடைந்த சர்க்கரைக் கட்டிபோலச் சொரசொரப்பாக இருந்தால் கியர் பல்லோ, கியரைக் கோக்கும் கொண்டையோ உடைந்திருக்கிறது. 2-வது கியர் தானாக நழுவுகிறதா, ஒரே ஒரு கியரில் மட்டும் சீரான இடைவெளியில் ‘டக்’ என்கிறதா என்று விற்றவரிடமே கேளுங்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டோ ஆட்டோவில் ஏற்றியோ கொண்டுபோங்கள். அந்தத் துண்டு இரண்டு கியருக்கு நடுவே போனால் கேஸ் விரியும்.

அறிகுறி: தங்க நிறப் பொடி

பித்தளை, வெண்கல வகை. கிக்கர், சில கியர்கள், சில பைக்குகளில் ராடின் சின்ன முனை ஆகியவற்றில் உள்ள புஷ்களிலிருந்து (தண்டு சுழலும் உலோக வளையங்கள்) வரும். கொஞ்சமாக வந்தால் அடுத்த ஆயில் வரை பார்க்கலாம். கிக்கர் அடிக்கும்போது தளர்வாக ஆடினால் அங்கேயே தேடுங்கள். உருளை பேரிங்குக்குப் பதில் ஓடு பேரிங் (மெல்லிய உலோக ஓடு) உள்ள எஞ்சினில், உதாரணத்துக்கு ராயல் என்ஃபீல்டு 650 இரட்டை சிலிண்டரில், செம்பு நிறம் தெரிந்தால் அதைப் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது. ஓட்டின் மேல்பூச்சு தேய்ந்து அடி உலோகம் தெரிகிறது என்ற எச்சரிக்கை அது.

அறிகுறி: உலோகம் மாதிரித் தெரிந்து, உலோகம் இல்லாதவை

நார் நாராகக் கறுப்பு அல்லது பழுப்பு, கருகிய வாடை: கிளட்ச் பிளேட். பைக்குக்கு, ஆயிலில் குளிக்கும் கிளட்சுக்கான தரக்குறியான ஜாசோ எம்ஏ என்று குறித்த ஆயில்தான் வேண்டும். கார் ஆயில் ஊற்றிய வண்டிகளில் கிளட்ச் வழுக்கிக் கருகி இது அதிகம் வரலாம்.

கறுப்பாக, வழவழப்பாக, கத்தியால் வெட்டினால் வெட்டுப்படுகிற துண்டு: டைமிங் செயினின் வழிகாட்டி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் பக்கத்திலிருந்து ‘கரகர’ என்று சத்தம் வரும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் அந்தத் துண்டுகள் ஜாலியை அடைக்கும்.

செம்பழுப்புத் துகள், காந்தத்தில் மந்தமாக ஒட்டுகிறது, ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கிறது: துரு. வண்டி தண்ணீரில் மூழ்கியிருக்கலாம். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும், அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியபோதும் எத்தனை பைக்குகள் நீரில் நின்றன என்பது நமக்குத் தெரியும். அவற்றில் சில கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்திருக்கும். ஹெட்லைட் உள்ளே, சீட்டுக்கு அடியில், ஒயர் கனெக்டர்களில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த பேரிங் இன்று சத்தமில்லாமல் ஓடினாலும் சில ஆயிரம் கி.மீ. தாண்டியதும் செதில் விடத் தொடங்கும்.

சந்தேகம் தீரவில்லை என்றால்

செதிலும் கட்டியும் இல்லை, வெறும் மினுக்குத்தான் என்றால் இன்னொரு ஆயில் செலவு செய்யுங்கள். ஜாலியைக் கழுவி, ஃபில்டரை மாற்றி, கம்பெனி சொன்ன கிரேடில் புது ஆயில் ஊற்றி 300 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி இறக்கி, அதே மாதிரி துணியில் வடிகட்டுங்கள். இதற்கு விலை உயர்ந்த சிந்தெடிக் தேவையில்லை. டீசல் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டுக் கழுவும் பழக்கம் வேண்டாம். உள்ளே தங்கும் டீசல் புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும், டீசலோடு ஓடும் அந்தச் சில நிமிடமும் பேரிங்குக்குப் போதிய படலம் இருக்காது.

இரண்டு துணியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் பழைய மிச்சம் வெளியேறுகிறது, ஓட்டலாம். அதே அளவென்றால், 300 கி.மீ. ஓட்டத்தில் அவ்வளவு தேய்கிறது என்று அர்த்தம், இடத்தைத் தேடுங்கள். கூடியிருந்தால் மூன்றாவது துணிக்காகக் காத்திருக்காதீர்கள். சோதனைக்கான இந்த 300 கி.மீ. ஓட்டத்தில் வேகமாகப் போகும்போது இரண்டு விரல் கிளட்ச் லிவரின் மேலேயே இருக்கட்டும்.

பழுதைச் சரிசெய்த பிறகு ஒரு வேலை மிச்சம். உடைந்த பாகத்தை மாற்றிவிட்டு மற்றதைக் கழுவாமல் மூடினால், ஆயில் வழிகளில் தங்கிய துகள் புது பேரிங்கையும் தின்றுவிடும். பம்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், ஹெட்டுக்குப் போகும் துளைகளில் காற்றடிக்கச் சொல்லுங்கள், சுழல் கிண்ணம் இருந்தால் சுரண்டிக் கழுவச் சொல்லுங்கள். முதல் ஆயிலை 100 கி.மீ. ஓட்டத்தில் இறக்குங்கள், அடுத்ததை 500-ல். ஒவ்வொரு துணியிலும் தேதியும் மீட்டர் அளவும் எழுதிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். வடித்த கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள்.

என் பைக்குக்கு இப்போது ஐந்து துணி சேர்ந்திருக்கிறது. கிளட்ச் பெல் மாற்றியதற்குப் பிந்தைய மூன்றில் வெயிலில் பிடித்தாலும் கறுப்பு மட்டும்தான் தெரிகிறது.